பறந்த தூரம் வேறு, கணக்கில் வரும் தூரம் வேறு

கேள்வி: ஐரோப்பாவுக்குள் ஒரே டிக்கெட்டில், நடுவில் விமானம் மாறிப் பயணம் செய்தேன். நான்கு மணி நேரத் தாமதம். இரண்டு விமானங்களும் பறந்ததைக் கூட்டினால் 1,620 கி.மீ. விமான நிறுவனத்திடம் இழப்பீடாக 400 யூரோ கேட்டேன், 250தான் என்கிறார்கள். கமிஷனுக்கு 400 வாங்கித் தருவதாக ஓர் ஏஜென்ட் சொல்கிறார். அவரிடம் கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். முதலில் அந்தக் கூட்டலை அழித்துவிடுங்கள்.

ஐரோப்பிய ஒன்றியத்தின் 261/2004 விதிப்படி 1,500 கி.மீ. வரை 250 யூரோ, அதைத் தாண்டினால் 400. முதலில் ஏறிய விமான நிலையத்திலிருந்து கடைசியில் சேர வேண்டிய நிலையம் வரை நேராக அளந்த தூரமே கணக்கில் வரும். இதைத் தெளிவாகச் சொல்ல ஐரோப்பிய நீதிமன்றம் 2017-இல் ஒரு வழக்கைத் தீர்க்க வேண்டியிருந்தது. விதியிலேயே இன்னொரு வரி எழுதியிருந்தால் என்ன குறைந்துவிடும்? அந்தப் பயணிகள் ரோமிலிருந்து பிரஸ்ஸல்ஸ் வழியாக ஹாம்பர்க் போனவர்கள். இரண்டு விமானங்களின் தூரம் 1,656 கி.மீ., ரோம்–ஹாம்பர்க் நேர்த் தூரமோ 1,326. ஆகவே 250 யூரோதான்.

நேராக என்றால் தாள் வரைபடத்தில் ஸ்கேல் வைப்பதல்ல. பூமி உருண்டையில் இரண்டு நிலையங்களுக்கு இடையே ஒரு நூலை இறுக்கிப் பிடித்தால் வரும் தூரம். இணையத்தில் கணக்கிடும்போது ஊர்ப் பெயரைப் போடாமல், நிலையத்தின் மூன்றெழுத்துக் குறியீட்டைப் போடுங்கள். ஒரே ஊருக்கு மூன்று நான்கு நிலையங்கள் இருக்கும். சில தளங்கள் ஊரின் நடுவிலிருந்தே அளந்துவிடும்.

அப்புறம் அலகு. இதில்தான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். 1,500 கி.மீ. என்பது வெறும் 932 மைல், கடல் மைலில் 810. திரையில் 950 என்று பார்த்துவிட்டு, 1,500க்குள்தானே என்று 250-ஐ வாங்கிக்கொண்டு போனவர்களை எனக்குத் தெரியும். அது மைல்! கிலோமீட்டரில் 1,529.

3,500 கி.மீ.க்கு மேல் 600 யூரோ என்று படித்திருப்பீர்கள். அது ஒன்றியத்துக்கு வெளியே போகும், வரும் பயணங்களுக்கு. உள்ளுக்குள் எவ்வளவு தூரம் பறந்தாலும் 400-தான். ஹெல்சின்கியிலிருந்து ஸ்பெயினுக்குச் சொந்தமான கேனரி தீவுகளுக்கு 4,500 கி.மீ.க்கும் மேல். ஆப்பிரிக்கக் கரைக்குப் பக்கத்தில் இருந்தாலும் அவை ஒன்றியத்துக்குள்தான். அங்கேயும் 400-தான். திரும்பத் திரும்பச் சொல்வதற்குக் காரணம், இதையே காட்டி 600 வாங்கித் தருவதாக ஆசை காட்டும் ஏஜென்ட்கள்.

உங்கள் நேர்த் தூரம் 1,500-ஐத் தாண்டவில்லை என்றால் அவராலும் 400 வாங்க முடியாது. வரும் 250-இலும் அவருக்குப் பங்கு போகும். தாண்டினால், இரண்டு நிலையங்களின் குறியீடுகளையும் கி.மீ. அளவையும் போட்டு நீங்களே விமான நிறுவனத்துக்கு எழுதுங்கள். பதிலுக்கு வவுச்சர் நீட்டுவார்கள். கையெழுத்துப் போட்டு நீங்கள் சம்மதித்தால் ஒழிய, அவர்கள் பணமாகத்தான் தர வேண்டும்.