நாலு வாரத்தில் வீட்டுக்கு வரும் படம்: கடிதமும் பதிலும்

வணக்கம்.

தென்காசி பக்கம் கடை வைத்திருக்கிறேன். எந்தப் படமானாலும் நாலு வாரத்தில் ஓடிடிக்கு வந்துவிடுகிறது, அப்புறம் தியேட்டருக்கு யார் போவார்கள்? சின்னப் படங்களை ஓடிடி காப்பாற்றும் என்றார்களே, காப்பாற்றியதா? போன மாதம் ஒரு சின்னப் படம் பார்க்க ஆசைப்பட்டேன். எங்கள் ஊர்ப் பக்கம் வரவேயில்லை. கடைசியில் டெலிகிராமில் இறக்கித்தான் பார்த்தேன். தப்பா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

தப்புதான். ஆனால் காசு கொடுத்துப் பார்க்கத் தயாராக இருந்த உங்களிடம் அந்தக் காசை வாங்க யாரும் வரவில்லை என்பதுதான் எனக்குப் பெரிய வருத்தம்.

2013-ல் வந்த ‘விஸ்வரூப’த்தை டிடிஎச்சில் முதலில் காட்டப்போவதாக கமல் சொன்னார். தியேட்டர்காரர்கள் எதிர்த்ததும் அது நின்றுபோனது. 2015-ல் இயக்குநர் சேரன் சி2எச் (சினிமா டு ஹோம்) என்று ஆரம்பித்து தன் படத்தையே டிவிடியாக நேரடியாக வீடுகளுக்கு விற்றார். அது நிலைக்கவில்லை, ஆனாலும் யோசனை சரியானது என்றே இன்றும் நினைக்கிறேன். எடுத்தவருக்குப் பார்ப்பவர் நேரடியாகக் கொடுக்கிற காசு அது. அந்த வழியை இணையத்தில் வளர்த்திருக்க வேண்டும். நம்மவர்கள் செய்தது வேறு.

2020-ல் ‘பொன்மகள் வந்தாள்’ நேராக அமேசானுக்குப் போகிறது என்றதும், சூர்யா தயாரிக்கும் படங்களை இனி திரையிட மாட்டோம் என்று தியேட்டர் உரிமையாளர்கள் கொதித்தார்கள். அடுத்த ஜனவரியிலேயே ‘மாஸ்டர்’ தியேட்டருக்கு வந்த 16 நாளில் ஓடிடிக்கும் வந்துவிட்டது. ஊரடங்கு காலத்தில் ஓடிடி நிறுவனங்கள் போட்டி போட்டுக்கொண்டு வாங்கியதைப் பார்த்து, அந்தப் பணம் எப்போதும் வரும் என்று நம்பி, நாயகன் சம்பளத்தை அதன் மேல் ஏற்றி, பூஜை போடும் முன்பே டிஜிட்டல் உரிமைக்குக் கணக்குப் போட்டார்கள். பழைய பைனான்சியரின் இடத்தில் ஓடிடி என்ற புதிய பைனான்சியர் உட்கார்ந்தார். பணம் போடுகிறவர் கையில் ரிலீஸ் தேதியும் போய்விட்டது. 2023-ல் ‘லியோ’ இந்திப் பதிப்பு என்ன ஆனது என்று பாருங்கள்: 8 வாரம் கழித்துத்தான் ஓடிடி என்றால் போடுகிறோம் என்று வடக்கின் பெரிய மல்டிபிளெக்ஸ்கள் சொல்ல, 4 வார ஒப்பந்தத்தை மாற்ற முடியாமல் அந்தத் திரைகளையே விட வேண்டியதாயிற்று.

இப்போது ஓடிடிக்காரர்கள் கையை இறுக்கிவிட்டார்கள். சின்னப் படத் தயாரிப்பாளர் போய் நின்றால், முதலில் தியேட்டரில் ஓட்டிவிட்டு வாருங்கள், பார்க்கலாம் என்கிறார்கள். அவரும் கடன் வாங்கி வெள்ளிக்கிழமை நாலு ஊரில் காலை 11 மணிக் காட்சி பிடிக்கிறார், போஸ்டர் ஒட்டுகிறார், திங்கட்கிழமை படத்தைத் தூக்கிவிடுகிறார்கள். வசூல் எங்கே என்று கேட்டு ஓடிடிக்காரரும் விலையைக் குறைக்கிறார், அல்லது பார்க்கிற மணிக்கணக்குக்குத் தகுந்த பங்கு தருகிறேன் என்கிறார். நீங்கள் பார்க்க நினைத்த படமும் அநேகமாக இந்த வழியில் போனதாகத்தான் இருக்கும்.

திருட்டுக்கும் இதற்கும் சம்பந்தம் உண்டு. தியேட்டரில் டிஜிட்டல் பிரதி ஓடும்போதே அதில் கண்ணுக்குத் தெரியாத குறி பதிகிறது, கேமராவில் திருட்டுத்தனமாக எடுத்தால் எந்தத் தியேட்டர், எந்தக் காட்சி என்று பிடித்துவிடலாம். 2023 சட்டத் திருத்தப்படி மூன்று மாதம் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும் உண்டு. ஆனால் ஓடிடியில் வந்த அன்றைக்கே தெளிவான பிரிண்ட் டெலிகிராமில் சுற்றுகிறதே, அதற்குத் தியேட்டர் குறி என்ன செய்யும்? படம் எங்கேயும் கிடைக்காத ஊரில் அது மட்டும்தான் கிடைக்கிறது.

யூடியூபில் வாடகைக்குப் படம் விடும் வசதி இருக்கிறது. தியேட்டரை விட்டு எடுத்த மறுநாளே 50 ரூபாய், 60 ரூபாய்க்கு சின்னப் படங்களை அங்கே விடலாம், சங்கங்கள் சேர்ந்து அதற்கென ஒரு பொதுத்தளமே நடத்தலாம். தயாரிப்பாளர் சங்கத்தில் தெரிந்தவர்களிடம் இதைக் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறேன். படத்தின் பெயரை எழுதி அனுப்புங்கள், எங்கே முறையாகப் பார்க்கலாம் என்று விசாரித்துச் சொல்கிறேன்.