படித்த கல்லூரிக்குப் பணம் கொடுக்க வேண்டுமா? – கேள்வி பதில்

ராமநாதபுரம் கடற்கரை ஊர்களில் இருந்து படித்துப் போனவர்கள் கேட்டவை இவை. பதில் சொல்பவர் கல்லூரி அலுவலகத்தில் கணக்குப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவர். இப்போது ஒரு முன்னாள் மாணவர் சங்கத்தின் வரவு செலவைப் பார்க்கிறார்.

கீழக்கரை: காக்கா (அண்ணன்), சுயநிதிக் கல்லூரியில் முழுக் கட்டணமும் கட்டித்தான் படித்தேன். இப்போது புதுக் கட்டடத்துக்கு நிதி கேட்கிறார்கள். கொடுக்கும் கடமை எனக்கு இருக்கிறதா?

இல்லை தம்பி. கட்டணம் கட்டியதோடு அந்தக் கணக்கு முடிந்தது. அரசுக் கல்லூரியில் படித்தவருக்கும் கடன் என்று ஒன்று இருந்தால் அது வரி கட்டிய ஜனங்களுக்குத்தான். விருப்பப்பட்டால் கொடுங்கள், வாட்ஸ்அப் குழுவில் பெயர் விட்டுப்போகுமே என்று கொடுக்காதீர்கள். என்னைக் கேட்டால் கட்டடத்துக்கு வேண்டாம். நம் பக்கத்துப் பிள்ளைகள் பாதியில் நிற்பது கட்டடம் இல்லாததால் அல்ல.

பாம்பன்: அப்படியென்றால் எதற்குக் கொடுப்பது சார்?

நேரம் பார்த்துக் கொடுங்கள் தங்கச்சி. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக்கூடாது. கல்லூரிச் சேர்க்கையும் அதையொட்டித்தான் வருகிறது. படகில் கூலிக்குப் போகிறவர் வீட்டில் அப்போது கையில் காசு இருக்காது, படகுக்காரரிடம் வாங்கிய முன்பணக் கடனும் அடைந்திருக்காது. அரசு உதவி உண்டு. அரசுப் பள்ளியில் 6 முதல் 12 வரை படித்து வந்த பெண்களுக்குப் புதுமைப் பெண், பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன், இரண்டிலும் மாதம் 1,000 ரூபாய். ஆனால் அது கல்லூரியில் சேர்ந்த பிறகு வரும் பணம். சேரும் அன்றைக்குக் கட்ட வேண்டிய தொகைக்கும் விடுதி முன்பணத்துக்கும் வட்டிக்கடைதான். அப்துல் கலாம் சென்னை எம்.ஐ.டி.யில் சேர 1,000 ரூபாய் அளவுக்குத் தேவைப்பட்டபோது, அவருடைய அக்கா தன் வளையலையும் சங்கிலியையும் அடகு வைத்தார். ராமேசுவரத்தில் சின்னப் பிள்ளைக்கும் தெரிந்த சங்கதி. எல்லா வீட்டிலும் அக்கா கையில் வளையல் கிடக்காது. உங்கள் சங்கம் மே மாதமே ஒரு தொகையை ஒதுக்கி, துறைத் தலைவர் ஒருவரும் சங்கத்தார் ஒருவரும் கையெழுத்துப் போட்டால் அன்றைக்கே கட்டிவிடலாம் என்று வைத்துக்கொண்டால், 5,000 ரூபாய்கூட ஒரு பிள்ளையை உள்ளே கொண்டுவந்துவிடும்.

தேவிபட்டினம் (துபாயில் வேலை): எங்கள் செட் சேர்ந்து கல்லூரிக்கு ஆர்.ஓ. குடிநீர் இயந்திரம் வாங்கித் தரப்போகிறோம். நல்லதுதானே அண்ணே?

நல்லதுதான், ஆனால் பாதி வேலை. நம் கரையில் பல இடங்களில் போர் தண்ணீர் உப்பு. உப்புத் தண்ணீரில் மெம்பிரேன் (உள்ளே உப்பை வடிகட்டும் சவ்வு) சீக்கிரம் அடைத்துக்கொள்ளும், ஃபில்டரை அடிக்கடி மாற்ற வேண்டும், வெளியே இருக்கும் இரும்பை உப்புக்காற்று தின்றுவிடும். திறப்பு விழாவுக்குப் பத்துப் பேர் வருவார்கள், மெம்பிரேனுக்கு ஒருவரும் வரமாட்டார்கள். கல்வெட்டு மட்டும் பளபளவென்று இருக்க, கீழே குழாய் வறண்டு கிடப்பதை நீங்களும் பார்த்திருப்பீர்கள். மொத்தப் பணத்தையும் இயந்திரத்தில் போடாதீர்கள். சின்னதாக வாங்கி, ஐந்து வருடப் பராமரிப்பு ஒப்பந்தத்துக்கும் சேர்த்தே பணம் கட்டுங்கள். பழைய கம்ப்யூட்டர் கொடுக்க நினைப்பவர்களுக்கும் இதே பதில்.

தொண்டி: அப்பா பெயரில் தங்கப் பதக்கம் வைக்க 1 லட்சம் கொடுக்கலாம் என்று இருக்கிறேன்.

வைப்பில் போட்டு ஏழு சதவீதம் வட்டி வந்தால் வருடம் 7,000 ரூபாய். தங்கம் விற்கும் விலையில் அது பதக்கமாகாது, முலாம்தான். இன்னும் இருபது வருடத்தில் அந்த 7,000-க்கு என்ன மதிப்பு இருக்கும் என்றும் யோசியுங்கள். தவிர, முதல் மதிப்பெண் வாங்கும் பிள்ளை எப்படியும் கரையேறிவிடும். வருடம் 10,000 வீதம் பத்து வருடம், அரியர் வைத்துப் படிப்பை விடப்போகும் ஒருவருக்கு அப்பா பெயரிலேயே கொடுங்கள். முதலைத் தொடக்கூடாது, வட்டிதான் செலவாக வேண்டும் என்றால், அதை எழுத்தில் கொடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் பொதுச் செலவில் கரைந்துவிடும்.

ஏர்வாடி: ஜகாத் (இஸ்லாத்தில் கடமையான தர்மம்) பணத்தைக் கல்லூரிக்குக் கொடுக்கலாமா?

கட்டடத்துக்குக் கூடாது, அது தகுதியுள்ள ஆட்களின் கையில் சேர வேண்டியது என்பதுதான் பெரும்பாலான ஆலிம்கள் (மார்க்க அறிஞர்கள்) சொல்வது. ஏழை மாணவருக்குக் கொடுப்பது பற்றி உங்கள் ஜமாஅத் ஆலிமைக் கேளுங்கள். நான் கணக்குப் பிள்ளை, மார்க்கம் சொல்ல ஆளில்லை.

ராமநாதபுரம்: வருமான வரியில் கழிவு கிடைக்குமா?

பழைய வரி முறையில் இருந்தால், 80ஜி (நன்கொடைக்கான வரிக் கழிவு) அங்கீகாரம் உள்ள அறக்கட்டளைக்குக் கொடுத்ததில் பொதுவாகப் பாதி, வரிக்குரிய வருமானத்தில் கழியும், அதற்கும் வருமானத்தை ஒட்டி ஒரு வரம்பு உண்டு. புதிய முறையில் இந்தக் கழிவே கிடையாது. 2,000 ரூபாய்க்கு மேல் ரொக்கமாகக் கொடுத்தாலும், பொருளாகக் கொடுத்தாலும் கிடைக்காது. வெறும் ரசீது போதாது, வாங்கியவர்கள் தர வேண்டிய 10பிஇ என்ற நன்கொடைச் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள்.

சாயல்குடி (அமெரிக்கக் குடியுரிமை): நான் நேராகச் சங்கத்துக்கு அனுப்பலாமா?

நிறுத்துங்கள். இந்தியப் பாஸ்போர்ட் வைத்திருப்பவர் தன் சம்பாத்தியத்தில் இருந்து வங்கி வழியாக அனுப்புவது வேறு. குடியுரிமை மாறியவர் அனுப்பினால் அது வெளிநாட்டு நிதி. எஃப்.சி.ஆர்.ஏ. (வெளிநாட்டு நிதி ஒழுங்குமுறைச் சட்டம்) பதிவு இல்லாத சங்கம் அதை வாங்கினால் மாட்டிக்கொள்வது இங்கே இருப்பவர்கள்தான்.

மண்டபம்: தங்கைக்கு இடம் வேண்டுமானால் 'முன்னாள் மாணவர் நன்கொடை' கொடு என்கிறார்கள் சார்.

அதன் பெயர் நன்கொடை இல்லை. கட்டாய நன்கொடை வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 1992-லேயே சட்டம் வந்துவிட்டது. எழுத்தில் கேளுங்கள் என்று சொல்லிப் பாருங்கள், பேச்சு மாறும்.

திருப்புல்லாணி: 15,000 சம்பளம், கல்விக் கடன் பாக்கி இருக்கிறது. வெள்ளி விழாவுக்கு ஆளுக்கு 5,000 என்கிறார்கள்.

கடனை அடையுங்கள் தம்பி. விழாச் செலவு பிரியாணிக்கும் மேடைக்கும் போகும், நன்கொடைக் கணக்கில் அதைச் சேர்ப்பதே தப்பு. போய்ப் பழைய சிநேகிதர்களைப் பார்த்துவிட்டு வாருங்கள். காசு கொடுக்காதவனை வராதே என்றால், அந்தக் கூட்டத்துக்கு நீங்கள் போகாததே மேல்.

முத்துப்பேட்டை: சங்கத்தை எப்படி நம்புவது?

1975-ஆம் வருடச் சங்கங்கள் பதிவுச் சட்டத்தில் பதிவு எண் உண்டா, வங்கிக் கணக்கு சங்கத்தின் பெயரில் இருக்கிறதா, காசோலைக்கு இரண்டு பேர் கையெழுத்தா, போன வருடத் தணிக்கை அறிக்கை எங்கே என்று கேளுங்கள். தலைவரின் சொந்த ஜிபே எண்ணுக்கு அனுப்பாதீர்கள். 'நம்ம பயலுக மேலேயே சந்தேகமா' என்று யாராவது கோபித்துக்கொண்டால், அறிக்கை வரும் வரை பணம் உங்களிடமே இருக்கட்டும். எங்கள் சங்கத்துக்கும் இதே கேள்விகளைக் கேட்கலாம்.