புடாபெஸ்ட் இரண்டு ஊரா, ஒரே ஊரா?

ஹங்கேரியின் தலைநகரான புடாபெஸ்ட் இப்போது ஒரே ஊர்தான். ஆனால் 1873 வரை டான்யூப் ஆற்றின் மேற்கே மலைப்பாங்கான புடாவும் பழைய ஓபுடாவும், கிழக்கே சமவெளியில் பெஸ்ட்டும் தனித்தனி ஊர்கள். அந்த ஆண்டுதான் மூன்றையும் இணைத்தார்கள்.

இணைப்புக்கு வழி போட்டது சங்கிலிப் பாலம். அதற்கு முன் இருந்தது படகுகளை வரிசையாகக் கட்டிய மிதவைப் பாலம். குளிர்காலத்தில் பனிக்கட்டி மிதந்து வரும் என்பதால் அதை எடுத்துவிடுவார்கள். 1820இல் தந்தை இறந்த செய்தி கேட்டுப் புறப்பட்ட இஸ்த்வான் செசெனி என்ற பிரபு, ஆற்றைக் கடக்க முடியாமல் ஒரு வாரம் கரையிலேயே காத்திருந்தார். நிரந்தரப் பாலத்துக்காக அவர் பிடிவாதமாக உழைத்ததற்கு இதுவே தூண்டுதல் என்பார்கள். வடிவமைத்தவர் வில்லியம் டியர்னி கிளார்க், கட்டுமானத்தை மேற்பார்வையிட்டவர் ஆடம் கிளார்க். பெயர் ஒன்றுதான், உறவினர்கள் அல்ல! 1849இல் திறந்த பாலத்தை 1945 ஜனவரியில் பின்வாங்கிய ஜெர்மன் படை தகர்த்தது. மறுபடி கட்டி, சரியாக நூறாம் ஆண்டில், 1949இல் திறந்தார்கள்.

பார்க்க வேண்டியவை என்றால், நாடாளுமன்றமும் புனித ஸ்டீபன் பேராலயமும் ஒரே உயரம், 96 மீட்டர். மாகியார்கள் (ஹங்கேரியர்கள்) இங்கே குடியேறியதாகக் கொள்ளும் 896ஆம் ஆண்டை நினைவூட்டும் எண் அது. அதன் ஆயிரமாவது ஆண்டான 1896இல் ஓடத் தொடங்கிய சுரங்க ரயில் இன்றும் ஓடுகிறது.

என்னைக் கேட்டால், புடா கோட்டையைவிட ருதாஷ் குளியலகத்துக்கே முதலில் போங்கள். துருக்கியர் ஆண்ட காலத்தில் கட்டிய எண்கோணக் குளத்தில் இப்போதும் வெந்நீர் ஊற்றில் குளிக்கலாம்.