கீவில் படித்துவிட்டு வந்த தம்பிக்கு

தம்பி, உக்ரைனில் மருத்துவம் முடித்து ரொறன்ரோ வந்து மூன்று மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். லைசென்ஸ் பரீட்சைக்குப் படிப்பதா, கிடைத்த வேலைக்குப் போவதா, ஸ்காபரோவில் வாடகை எப்படி, குளிருக்கு என்ன ஜாக்கெட் வாங்குவது என்று கேட்கிறீர்கள். வாடகையும் ஜாக்கெட்டும் பக்கத்து வீட்டில் கேட்டாலே சொல்வார்கள். முதல் கேள்விக்கு நான் எழுதியே ஆகவேண்டும். 1991இல் அதே கேள்வியோடுதான் நானும் இங்கே வந்து இறங்கினேன்.

பரீட்சையில் தேறினால் பாதித் தூரம்தான். பிறகு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பயிற்சி வைத்தியராக இருக்கும் இடம், கிடைக்க வேண்டும். வெளிநாட்டில் படித்தவர்களுக்கு அது மிகக் குறைவு. இடம் எடுத்துத் தருகிறோம் என்று பணம் கேட்கிறவர்களின் பக்கமே போகாதீர்கள். பிளாஸ்டிக் தொழிற்சாலையில் இரவு வேலை செய்து எட்டு மாதம் சேர்த்த காசை அப்படி ஒருவரிடம் கொடுத்தேன். ஒரு கடிதம்கூட வரவில்லை.

எங்கள் ஆட்களில் சிலர், "படிச்சதை மறந்திட்டு உழைக்கிற வழியைப் பார்" என்பார்கள். எனக்கும் சொன்னார்கள். அந்தப் பேச்சின் மேல் எனக்கு இன்றும் கோபம் உண்டு. வைத்தியம் படித்தவனுக்கு அந்தப் படிப்பு எங்கே போனாலும் உதவும்.

அதற்கு ஒருவரை உதாரணம் சொல்கிறேன். கீவில் நான் படித்த காலத்தில் யூரி ஷெர்பாக்கின் பெயர் எல்லோருக்கும் தெரியும். 1934இல் அந்த நகரத்திலேயே பிறந்து, 1958இல் கீவ் மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, தொற்றுநோய் ஆய்வில் இருந்தவர், எழுத்தாளரும்கூட. 1986 ஏப்ரல் 26இல் செர்னோபில் அணுமின் நிலையத்தின் உலை வெடித்தது. எங்களுக்கு ஒன்றும் சொல்லவில்லை. மே தின ஊர்வலம் கிரெஷாத்திக் தெருவில் வழக்கம்போல நடந்தது, பிள்ளைகளும் போனார்கள். ஜன்னலைச் சாத்துங்கள், தரையை ஈரத்துணியால் துடையுங்கள் என்ற அறிவுரை ஒரு வாரத்துக்கு மேல் கழித்தே வந்தது. அப்புறம் தெருவெல்லாம் தண்ணீர் வண்டி. பள்ளிப் பிள்ளைகளை நகரத்தைவிட்டே அனுப்பினார்கள். விடுதி ஜன்னலில் நின்று அந்தப் பேருந்துகளைப் பார்த்தேன். நகரம் சத்தமில்லாமல் போய்விட்டது.

ஷெர்பாக் செர்னோபிலுக்கே போனார். தீயணைப்பு வீரர்களையும் வைத்தியர்களையும் நோயாளியிடம் விசாரிப்பதுபோல விசாரித்து எழுதினார். 1987இல் அது 'யூனஸ்த்' இதழில் வந்தபோது விடுதியில் ஒரே பிரதி கைமாறிக் கைமாறிக் கிழிந்தது. 1989இல் சோவியத் நாடாளுமன்றத்துக்கு மக்கள் பிரதிநிதியானார். 1991இல் உக்ரைனின் சுற்றாடல் அமைச்சர். பிறகு இஸ்ரேலுக்கு முதல் தூதுவர், 1994 முதல் 1998 வரை அமெரிக்காவில் தூதுவர். உக்ரைனில் மிஞ்சியிருந்த சோவியத் அணுகுண்டுகள் முழுவதும் ரஷ்யாவுக்குப் போய் முடிந்ததும் அந்த ஆண்டுகளில்தான், 1996இல். 2000இல் இங்கே ஒட்டாவாவுக்கே தூதுவராக வந்தார். செய்தியை வாசித்துவிட்டு மனைவியைக் கூப்பிட்டுக் காட்டினேன். அந்த டிசம்பரில்தான் செர்னோபிலின் கடைசி உலையையும் மூடினார்கள்.

அவர் எங்களைப்போல வேலை தேடி அலைந்தவர் அல்ல, சரி. ஆனால் ஸ்டெதஸ்கோப்பை வைத்துவிட்ட பிறகும் அவர் வைத்தியராகவே கேள்வி கேட்டார். அதை நான் பிடித்துக்கொண்டேன். இரண்டு தரம் பரீட்சையில் தவறியபின் பொதுச் சுகாதாரப் பக்கம் போனேன். 2003இல் சார்ஸ் என்ற சுவாசத் தொற்றுநோய் ரொறன்ரோவுக்கு வந்தபோது, வீட்டுக்குள் அடைபட்ட குடும்பங்களை நாள்தோறும் தொலைபேசியில் கூப்பிட்டுக் காய்ச்சல் விசாரித்தேன். தமிழில் கேட்டதும் ஒரு அம்மா அழுதுவிட்டார். கீவில் கற்ற தொற்றுநோயியல் அத்தனையும் அந்த மாதங்களில் வேலைக்கு வந்தது.

பரீட்சைக்குக் கட்டாயம் படியுங்கள். கூடவே பொதுச் சுகாதாரம், ஆய்வகம், மருத்துவ ஆராய்ச்சி எல்லாவற்றுக்கும் விண்ணப்பியுங்கள். உங்கள் பல்கலைக்கழகத்திலிருந்து புள்ளிச் சான்றிதழை இப்போதே கேட்டு வையுங்கள். போர் நடக்கும் நாட்டில் அலுவலகப் பதில் எப்போது நிற்கும் என்று சொல்ல முடியாது. கடிதத்தை ரஷ்ய மொழியில் எழுத வேண்டியிருந்தால் எனக்கு அனுப்புங்கள், இரவே எழுதித் தருகிறேன்.