மருந்துக்கு அடங்காத கிருமியும் சாக்கடை எலியும்

கேள்வி: நகரத்து எலிகள் ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத பாக்டீரியாக்களைச் சுமக்கின்றன என்கிறார்கள். எலிக்கு யாரும் மருந்து கொடுப்பதில்லையே, பிறகு எப்படி?

பதில்: மருந்து சாப்பிட்டவர்கள் நாம். விழுங்கிய ஆன்டிபயாடிக்கில் ஒரு பகுதி சிதையாமலே கழிவோடு வெளியேறுகிறது. அந்த மருந்துக்குத் தப்பிப் பிழைத்த குடல் பாக்டீரியாக்களும் கூடவே போகின்றன. வீட்டுக் கழிவும் மருத்துவமனைக் கழிவும் கலந்து ஓடும் சாக்கடையில் எலி நீந்துகிறது. வெளியே வந்து தன் உடம்பை நக்கிச் சுத்தம் செய்கிறது. கிருமி குடலுக்குப் போய்விடும். எலிக்கு நோய் ஏதும் வராது, புழுக்கையில் மட்டும் கிருமி வந்துகொண்டே இருக்கும்.

ஜெர்மனியின் பெர்லின் நகர எலிகளில் ஈ.எஸ்.பி.எல். நொதி சுரக்கும் ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா கிடைத்தது. செஃபிக்ஸிம், செஃப்ட்ரியாக்சோன் போன்ற ஆன்டிபயாடிக்குகளை உடைத்துவிடும் நொதி அது. அதற்கான மரபணு பெரும்பாலும் பிளாஸ்மிட் என்ற சிறு டி.என்.ஏ. வளையத்தில் இருப்பதால், வேறு இன பாக்டீரியாவுக்கும் எளிதில் கைமாறும். கனடாவின் வான்கூவரில் எலிகளிடம் கிடைத்த எம்.ஆர்.எஸ்.ஏ. (பல ஆன்டிபயாடிக்குகளுக்கு அடங்காத ஸ்டாஃப் பாக்டீரியா) கிருமிகளில் சில, அதே பகுதி மக்களிடம் இருந்த வகையோடு ஒத்துப்போயின.

கேள்வி: அந்தக் கிருமி நம் உடம்புக்குள் போனால் உடனே நோய் வருமா?

பதில்: பெரும்பாலும் வராது. ஆரோக்கியமானவர் குடலில் சத்தமில்லாமல் தங்கிவிடும். பின்னால் சிறுநீர்த் தொற்றோ அறுவை சிகிச்சைப் புண்ணோ வரும்போதுதான், வழக்கமான மருந்து வேலை செய்யாமல் போகும். முதியோர், கைக்குழந்தை, சிறுநீர்க் குழாய் பொருத்தப்பட்டவர் இருக்கும் வீட்டில் கூடுதல் கவனம் தேவை.

கேள்வி: இவற்றைக் கொல்லத் தனியாக வீரியமான கிருமிநாசினி வேண்டுமா?

பதில்: வேண்டாம். ஆன்டிபயாடிக்குக்கு அடங்காத கிருமியும் கொதிநீரிலும் பிளீச்சிலும் மற்றதைப் போலவே சாகும். தவறு நடப்பது சுத்தம் செய்யும் முறையில்தான்.

புழுக்கையைத் துடைப்பத்தால் பெருக்கக் கூடாது; தூசியாகக் கிளம்பி மூக்கில் ஏறும். ஜன்னல்களை அரை மணி நேரம் திறந்து வையுங்கள். கையுறை போட்டு, 100 மில்லி திரவ பிளீச்சை 900 மில்லி தண்ணீரில் கலந்து, புழுக்கை நன்றாக நனையும்படி தெளியுங்கள். 5 நிமிடம் ஊறிய பிறகு காகிதத்தால் அள்ளி, பையில் கட்டிப் போடுங்கள். பிறகு அந்த இடத்தை மறுபடி அதே கரைசலால் துடைக்க வேண்டும், ஏனென்றால் அழுக்கு இருக்கும்வரை பிளீச்சின் வீரியம் அதிலேயே செலவாகிவிடும். கரைசலை அன்றன்றைக்குக் கலக்குங்கள். கழிப்பறை ஆசிடோடு ஒருபோதும் சேர்க்காதீர்கள். குளோரின் வாயு கிளம்பும்.

கேள்வி: விஷம் வைத்து மொத்தமாக ஒழித்துவிட்டால் என்ன?

பதில்: விஷம் மட்டும் போதாது. வான்கூவரில் எலிகளைப் பிடித்துக் கொன்ற தெருக்களில், மிஞ்சிய எலிகளிடம் எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி இருக்கும் வாய்ப்பு கூடியதைக் கண்டார்கள். கூட்டம் கலைந்ததும் புது எலிகளோடு உரசலும் சண்டையும் கூடியிருக்கலாம் என்பது அதற்குச் சொல்லப்படும் காரணம். பசை அட்டையும் நல்லதல்ல: மாட்டிய எலி பயத்தில் சிறுநீர் கழித்து, கிருமியை இன்னும் பரப்பும்.

முதல் வேலை வழியை அடைப்பது. 12 மில்லிமீட்டர் இடைவெளி எலிக்குப் போதும், சுண்டெலிக்கு 6. குழாய் சுவருக்குள் நுழையும் இடங்களைப் பாருங்கள். ஸ்டீல் நாரைத் திணித்து, மேலே சிமென்ட் பூசுங்கள். வெறும் ஃபோமையும் மரத்தையும் எலி கடித்துவிடும். தரை வடிகாலுக்கு உலோகச் சல்லடை மூடி போடுங்கள். குப்பை இரவில் திறந்து கிடந்தால் இவ்வளவும் வீண்.

கேள்வி: எலி கடித்தால், வீட்டில் மிச்சமிருக்கும் ஆன்டிபயாடிக்கைப் போட்டுக்கொள்ளலாமா?

பதில்: கூடாது. ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றே மருத்துவரைப் பாருங்கள். டெட்டனஸ் ஊசி தேவையா என்று அவர் சொல்வார். எலி கடிப்பதால் தொற்றும் எலிக்கடிக் காய்ச்சல் பொதுவாக 3 முதல் 10 நாளில் தொடங்கும், சிலருக்கு 3 வாரம்கூட ஆகும். அதற்குள் புண் ஆறியிருக்கலாம் என்பதால், காய்ச்சலோ மூட்டுவலியோ வந்தால் எலி கடித்ததை மறக்காமல் சொல்லுங்கள். சீழ் வைத்தால், மருந்து தொடங்கும் முன் சீழை எடுத்து, கிருமியை வளர்த்துப் பார்க்கும் கல்ச்சர் பரிசோதனைக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். எந்த மருந்துக்குக் கிருமி அடங்கும் என்பது அதில் தெரிந்துவிடும்.