ஒரே மாதிரி ஒலிக்கும் ஆங்கிலச் சொற்களில் குழம்பாமல் இருப்பது எப்படி?

கேள்வி கேட்டவர் மூன்று ஜோடிகளைக் கொடுத்திருக்கிறார். பூவும் ஃபிளவர், மாவும் ஃபிளவர். உடைப்பதும் பிரேக், வண்டியை நிறுத்துவதும் பிரேக். எடையும் வெயிட், காத்திருப்பதும் வெயிட். பட்டியல் போட்டு மனப்பாடம் செய்தும் பேசும்போது தடுமாறுகிறதே, என்ன வழி என்கிறார்.

பட்டியலைத் தூக்கிப் போடுங்கள் என்பதுதான் என் பதில். காரணம் சொல்ல என் ஊர்க் கதைக்குப் போக வேண்டும்.

நான் இருப்பது மலேசியாவில், சிலாங்கூர் மாநிலத்துப் பத்தாங் பெர்ஜுந்தை. பலகையில் இப்போது பெஸ்தாரி ஜெயா என்று இருக்கும், 2007இல் பெயரை மாற்றிவிட்டார்கள். பழைய பெயரில் இருந்த இரண்டு மலாய்ச் சொற்களும் தனித்தனியாகப் பார்த்தால் சாதுவானவை. ஒன்று தண்டு, மற்றது தொங்குவது. சேர்த்துச் சொன்னால் வேறு என்ன ஞாபகம் வருமென்று மலாய் தெரிந்த நண்பரிடம் கேட்டுக்கொள்ளுங்கள், நான் எழுதமாட்டேன். ஆக, இன்னொரு அர்த்தத்துக்குக் கூச்சப்பட்டு ஊரே பெயர் மாற்றிக்கொண்ட இடத்திலிருந்து எழுதுகிறேன். எங்கள் வயதுக்காரர்கள் வாயில் இன்னும் பெர்ஜுந்தைதான்.

தோட்டத்து ஆபீசில் 28 வருடம் கிராணி வேலை, அதாவது குமாஸ்தா வேலை பார்த்தேன். தொழிலாளர்கள் குடியிருக்கும் லயத்துக்கு வரும் ஆங்கிலக் கடிதமெல்லாம் கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். ஒரு நாள் ஒரு பாட்டி பேரனை இழுத்துக்கொண்டு வந்தார். முகமெல்லாம் கோபம். தாத்தா இறந்து நாலைந்து மாதம் ஆகியிருந்தது. அவருடைய சேமிப்புப் பணம் தொடர்பாக ஒரு கடிதம். இடைநிலைப் பள்ளியில் முதல் வகுப்பு, அதாவது படிவம் ஒன்று படிக்கும் பேரன் அதைப் பாட்டிக்கு விளக்கியிருக்கிறான். தலைப்பில் 'எஸ்டேட் ஆஃப் த லேட்', அதற்குப் பிறகு தாத்தா பெயர். பையனுக்கு எஸ்டேட்டும் தெரியும், லேட்டும் தெரியும். தாத்தா எஸ்டேட்டுக்கு லேட்டு என்று சொல்லிவிட்டான்.

"கிராணி ஐயா, முப்பத்தாறு வருசம் மரம் வெட்டினாரு. ஒரு நாளாவது பெரட்டுக்கு லேட்டா போயிருப்பாரா? செத்த மனுசனப் பத்தி இப்படியா எழுதுவாங்க?"

பெரட்டு என்பது தோட்டத்தில் காலையில் ஆள் கணக்கெடுப்பது. எனக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை, பாட்டியைப் பார்த்தால் சிரிக்கவும் முடியவில்லை. ஆள் பெயருக்கு முன்னால் லேட் வந்தால் காலஞ்சென்றவர் என்று பொருள், எஸ்டேட் என்றால் அவர் விட்டுப்போன சொத்து என்று சொன்னேன். "அவருக்கு ஏதுங்கய்யா எஸ்டேட்டு, எல்லாம் துரை வீட்டுதுதானே" என்றார். அதுவும் நியாயம்தான். அந்தச் சொல் முதலில் ஒருவருடைய நிலை, அந்தஸ்து என்ற பொருளில் இருந்தது. பிறகு அந்த அந்தஸ்தைத் தரும் சொத்து, அப்புறம் பெரிய நிலம் என்று நகர்ந்து, எங்களிடம் வந்து சேரும்போது தோட்டம் ஆகிவிட்டது. தாத்தாவின் எஸ்டேட் என்பது சேமிப்புப் பணமும் ஒரு பழைய மோட்டார் சைக்கிளும். பாட்டி சமாதானமாகி, பேரன் தலையில் ஒரு குட்டு வைத்துவிட்டுப் போனார்.

பையன்மேல் தப்பில்லை. சொல்லை மட்டும் பார்த்தான், பக்கத்தில் இருப்பதைப் பார்க்கவில்லை. இதைத் தொல்காப்பியம் சொல்லதிகாரத்திலேயே சொல்லியிருக்கிறது. பல பொருள் தரும் ஒரு சொல் வந்தால், அதோடு வரும் வினை, அதன் இனம், அது சார்ந்து நிற்கும் சூழல், இவற்றை வைத்துப் பொருளைத் தெளிந்துகொள் என்கிறது. உரைக்காரர்கள் எடுத்துக்காட்டும் சொல் 'மா'. பூத்தால் அது மரம், ஓடினால் விலங்கு. எங்கள் தோட்டத்தில் 'மரம் வெட்டப் போனார்' என்றால் எந்த மரமும் சாயாது, பால்மரத்தை, அதாவது ரப்பர் மரத்தைச் சீவப் போயிருக்கிறார் என்று அர்த்தம். பாலைத் தூக்கிக்கொண்டு ஸ்டோருக்குப் போனால் ஒரு பால், ஆற்றிக் குடித்தால் வேறு பால். சின்னப் பிள்ளைகூடக் குழம்பியதில்லை. யாரும் அவர்களுக்குப் பட்டியல் கொடுக்கவும் இல்லை.

ஆங்கிலத்திலும் அப்படியே செய்யுங்கள். ஒரு ஃபிளவர் பூக்கும், வாடும், மாலையாகும். இன்னொன்றைச் சலிப்போம், பிசைவோம். இன்னொரு விஷயம், இந்த இரண்டும் பிறப்பில் ஒரே சொல். அரைத்த தானியத்தில் மிக நைசான பகுதியை அதன் 'பூ' என்றார்கள், அதுதான் மாவுக்குப் பெயரானது. 1755இல் வந்த ஜான்சன் அகராதியில்கூட இரண்டையும் எழுத்தில் பிரிக்கவில்லை.

பாம் என்பதும் அப்படித்தான். உள்ளங்கையும் பாம், பனையும் பாம். விரித்த கை மாதிரி ஓலை இருந்ததால் லத்தீனில் மரத்துக்கும் கையின் பெயரையே வைத்தார்கள். ஆனால் ஆங்கிலேயருக்குத் தென்னை, பனை, கமுகு, ஈச்சை எல்லாமே பாம். மலாயாவில் முதன்முதலாக வியாபாரத்துக்காக எண்ணெய்ப் பனையான செம்பனையை நட்டது எங்கள் பக்கத்துத் தோட்டத்தில்தான், 1917இல். அந்தத் தோட்டத்தின் பெயர் தென்னமரம்! நினைக்கும்போதெல்லாம் எனக்குச் சிரிப்பு வரும்.

சரி, ஒலி ஒன்றாக இருக்க எழுத்து ஏன் வேறு? இங்கிலாந்துக்கு 1476இல் அச்சகம் வந்தது. எழுத்துக்கூட்டல் மெல்ல மெல்ல உறைந்துபோனது, உச்சரிப்பு மட்டும் நிற்காமல் நகர்ந்துகொண்டே இருந்தது. இறைச்சியைக் குறிக்கும் மீட்டுக்கும் சந்திப்பைக் குறிக்கும் மீட்டுக்கும் அந்தக் காலத்தில் ஒலி வேறு. போர்வீரனான நைட்டுக்கு முன்னால் இருக்கும் 'கே'யையும் வாய்விட்டுச் சொன்னார்கள். நாம் மட்டும் என்ன, 'வாளப்பளம்' என்று சொல்லிக்கொண்டே வாழைப்பழம் என்று எழுதுகிறோமே.

இங்கே மலாயும் வந்து சேரும். பட்டறைப் பலகையில் பிரேக்கை மலாய்க்காரர்கள் ஒலிப்படி பி-ஆர்-ஈ-கே என்று நான்கே எழுத்தில் முடித்துவிடுவார்கள். அதைப் பார்த்து வளர்ந்த பிள்ளைகள் ஆங்கிலத் தாளில் இரண்டு பிரேக்கையும் அப்படியே எழுதி மார்க்கை விடுவார்கள். தமிழ்நாட்டிலிருந்து வந்த உறவுக்காரர் ஒருவர் பெட்ரோல் நிலையத்தில் ஏ-ஐ-ஆர் என்ற எழுத்தைப் பார்த்து டயருக்குக் காற்றடிக்கப் போனார். குழாயில் தண்ணீர் கொட்டியது. மலாயில் அது ஆயர், தண்ணீர். காற்றுக்கு ஆஙின் என்று பக்கத்திலேயே எழுதியிருந்தது.

ஆங்கிலேயருக்கு ஒன்றாக ஒலிக்காத சொற்களையும் நம் எழுத்து ஒன்றாக்கிவிடும். ஒரு கல்யாணத்துக்கு முந்தின வாரம் என் மனைவி கடைச்சீட்டில் 'டை 1' என்று எழுதிக் கொடுத்தார். மகனுக்குப் பள்ளிக்கூட டை வாங்கிக்கொண்டு போனேன். அவர் கேட்டது தலைமுடிக்கு அடிக்கிற டை. அந்த டையில் சாவும் ஒன்று உண்டு, அன்றைக்குத் தப்பித்தேன்.

எடைக்கும் காத்திருப்புக்கும் உள்ள வெயிட்டுக்கு ஃபிளவர் மாதிரி சொந்தபந்தம் எதுவும் இல்லை. ஒன்று பழைய ஆங்கிலம், இன்னொன்று பிரெஞ்சு வழியாக வந்தது. அதனால் கதை சொல்லிப் புரியவைக்க முடியாது. உங்கள் வாழ்க்கையிலிருந்தே ஒரு வரி எழுதி வையுங்கள், பக்கத்தில் வினை இருக்கட்டும். என்னிடம் ஒரு வரி இருக்கிறது, நான் எழுதியது அல்ல. செம்பனைக் குலை ஏற்றிய லோரிகள் ஆலை வாசலில் எடைப் பாலத்துக்கு வரிசையில் நிற்கும். உள்ளேயிருந்து எங்கே இருக்கிறாய் என்று போனில் கேட்டால் டிரைவர் சொல்வார்:

"வெயிட் போடத்தான் வெயிட் பண்ணிக்கிட்டு இருக்கேன், கிராணி."