விக்கா, பேகன் வழிபாட்டை எல்லாம் திருநெல்வேலியில் இருந்துகொண்டு செய்ய முடியுமா?

கேள்வியின் சாரம்: விக்கா (இங்கிலாந்தில் கிளம்பிய, இயற்கையைக் கும்பிடுகிற புதுக்கால மதம்) பற்றிப் படித்து மனசு ஒட்டிவிட்டது, பாளையங்கோட்டையில் வாடகை வீடு, அதன் எட்டுப் பண்டிகையையும் முறையாகக் கொண்டாட வேண்டும், அன்றாடத்தில் மாயம் வேண்டும், புகை போட வெள்ளை சேஜ் இலை, படிகக் கல் எதுவும் இங்கே கிடைக்கவில்லை, அம்மா வேறு ‘இது என்ன கூத்து’ என்கிறார்.

கிடைக்காததே நல்லது என்பேன். கிடைத்திருந்தால் காசும் போயிருக்கும், விஷயமும் கைநழுவியிருக்கும்.

முதலில் இரண்டு பக்கத்து அண்ணாச்சிகளுக்கும் ஒரு வார்த்தை. ‘வெள்ளைக்காரன் சாமி நமக்கு எதுக்குவே’ என்கிறவர்களும், ‘எல்லாம் மூடநம்பிக்கை’ என்கிறவர்களும் தாராளமாகத் திட்டிக்கொள்ளலாம். யாரையும் மதம் மாறச் சொல்லவில்லை. மந்திரத்தால் கடன் தீரும் என்றும் சொல்லவில்லை. கீழே இருப்பதில் பாதி பத்தாம் வகுப்பு முக்கோணவியல், மீதி அடுப்படி.

பேகன் என்ற சொல்லுக்கு மூலமான லத்தீன் வார்த்தைக்கு நாட்டுப்புறத்தான், பட்டிக்காட்டான் என்றுதான் பொருள். அந்தந்த மண்ணைப் பார்த்துக் கும்பிடுகிறவன். அப்படியிருக்க, நெல்லையில் உட்கார்ந்துகொண்டு இங்கிலாந்து மண்ணின் நாட்காட்டியைப் பின்பற்றினால் அது பேகன் வழியே இல்லை. நீங்கள் ஆதிகாலத்துச் சக்கரம் என்று நினைக்கிற எட்டுப் பண்டிகை வரிசையும் அப்படியொன்றும் பழசில்லை. தனித்தனி விழாக்களில் சில பழையவைதான். ஆனால் பிரிட்டனில் சூனியச் சட்டம் நீக்கப்பட்டது 1951இல், ஜெரால்டு கார்ட்னர் தன் புத்தகத்தால் விக்காவைப் பரப்பத் தொடங்கியது 1954இல், எட்டையும் ஒரே சக்கரமாகக் கோத்தது அந்தப் பத்தாண்டில். எட்டில் ஒன்றான செப்டம்பர் சமநாள் விழாவுக்கு ‘மேபன்’ என்ற பெயர் 1970களில் வைத்தது. நம் சுலோச்சன முதலியார் பாலம் 1843இல் திறந்தது. சக்கரத்தைவிட நூறு வருஷத்துக்கு மேல் மூத்தது. புதுசு என்பதால் மட்டம் என்று சொல்லவில்லை, மாற்றிக்கொள்ளத் தயங்க வேண்டாம் என்கிறேன்.

மாற்றித்தான் ஆகணும். லண்டனில் ஜூன் 21 பகல் பதினாறரை மணி நேரத்துக்கு மேல், டிசம்பர் 21 எட்டு மணி நேரம்கூட இல்லை. அந்த இருட்டில் ‘சூரியன் திரும்பி வருகிறான்’ என்று தீ மூட்டுவதில் அர்த்தம் இருக்கிறது. நம் ஊரில் நீளமான பகலுக்கும் குட்டையான பகலுக்கும் வித்தியாசம் ஒரு மணி நேரம்தான். ஆகஸ்ட் 1 அவர்களுக்கு முதல் அறுவடை, புது மாவில் ரொட்டி. நமக்கு அது ஆடி. கார் நெல் வயலில் பச்சையாக நிற்கும், மானாவாரிக்காரர் அப்போதுதான் விதை தேடுவார்.

சரி, நம் சூரியன் என்ன செய்கிறான்? இதைப் புத்தகத்தில் தேடாமல் மாடியில் பாருங்கள். ஒரு மீட்டர் நீளத்தில் நேரான குழாயோ கம்போ வேண்டும். பழைய சின்னப் பெயின்ட் டப்பாவில் ஈர மணலை இறுக்கி அதன் நடுவே நட்டு, மணல் மட்டத்திலிருந்து இல்லாமல், நிழலை அளக்கப் போகிற மட்டத்திலிருந்து உச்சி வரை சரியாக 100 செ.மீ. வருகிற மாதிரி அளந்துகொள்ளுங்கள். கொத்தனார் வைத்திருக்கும் தூக்குக்குண்டைப் பிடித்து இரண்டு பக்கமும் நேர் பாருங்கள். இங்கேதான் பலருக்குத் தப்பும்: மொட்டை மாடி ஒருபோதும் மட்டமாக இருக்காது, மழைத் தண்ணீர் ஓட வாட்டம் விட்டிருப்பார்கள். ஒரு பழைய பலகையைப் போட்டு, ரசமட்டம் வைத்து, அடியில் ஓட்டுச்சில் முட்டுக்கொடுத்துச் சமம் பண்ணி, அதன் மேல் நிழலை அளக்கணும். நிழலின் முனை கத்தி மாதிரி இருக்காது, ஒரு செ.மீ. அளவுக்கு மங்கும். மங்கலின் நடுவைக் குறியுங்கள்.

கம்பைச் சுற்றி 90 செ.மீ. ஆரத்தில் சுண்ணாம்புக்கட்டியால் வட்டம் போடுங்கள். முற்பகலில் நிழல் முனை வட்டத்துக்குள் நுழையும் இடம் ஒன்று, பிற்பகலில் வெளியேறும் இடம் ஒன்று. இரண்டையும் சேர்த்தால் கிழக்கு மேற்கு. அந்தக் காலத்தில் கோயிலுக்கும் மனைக்கும் சங்கு நட்டுத் திசை பார்த்தது இதே முறைதான். செல்போன் திசைகாட்டியை நம்பாதீர்கள். கான்கிரீட்டுக்குள் இருக்கும் கம்பி அதை இழுத்துவிடும். விக்காவில் ‘வட்டம் போடுவது’ என்று நாலு பக்கம் எழுதியிருப்பார்களே, உங்கள் வட்டம் இதுதான். மெழுகுவர்த்தியால் கற்பனையில் போடுவதைவிட, சூரியனே இரண்டு முறை வந்து தொட்டுவிட்டுப் போகிற வட்டம் எனக்கு ஒசத்தி.

உச்சிப்பொழுது கடிகாரத்தில் பன்னிரண்டுக்கு வராது. நாம் இந்திய நேரத்தின் தீர்க்கரேகைக்கு ஐந்து பாகைக்குச் சற்றுக் குறைவாக மேற்கே இருப்பதால் 19 நிமிஷம் பிந்தும். அதோடு பூமியின் ஓட்ட வித்தியாசம் வேறு. பிப்ரவரி நடுவில் 12.33 வரை போகும், நவம்பர் தொடக்கத்தில் 12.03க்கே வந்துவிடும். டிசம்பர் 21 உச்சியில் நிழல் வடக்கே 63 செ.மீ. விழணும். மார்ச் 20லும் செப்டம்பர் 22, 23லும் வடக்கே 15 செ.மீ. ஜூன் 21இல்? தெற்கே, 26 செ.மீ. ஆமாம், தெற்கே. ஏப்ரல் நடுவிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரை உச்சிச் சூரியன் நமக்கு வடபக்கம் போய்விடுகிறான். இங்கிலாந்தில் வடக்கு என்பது சூரியன் உச்சிக்கு வராத இருட்டுத் திசை, அதனால் விக்காவில் அதை மண் என்கிற பூதத்துக்கு ஒதுக்கினார்கள். நம் வடக்கு அப்படி இருட்டுத் திசை இல்லை.

இரண்டு எல்லைக்கும் நடுவே நிழலே இல்லாத நாள் வருகிறது. ஏப்ரல் 12ஐ ஒட்டி ஒரு தடவை, ஆகஸ்ட் 30, 31ஐ ஒட்டி இன்னொரு தடவை. ஏப்ரல் 12க்கு இரண்டு நாள் தள்ளி என்ன வருகிறது? சித்திரை விசு. பாபநாசத்தில் கூட்டம், வீட்டில் கனி காணுதல். தலைக்கு நேர் மேலே சூரியன் நிற்கிற நாளை ஒட்டி வருஷம் பிறக்கிறது. சித்திரை 1ஐக் கணித்தவர்கள் நெல்லையை மனதில் வைத்துச் செய்தார்கள் என்று சொல்லமாட்டேன், பொருத்தம் தானாக அமைந்தது. நாள் நகரவும் செய்யும்: தை 1 உத்தராயணம் என்கிறோம், நிழல் திரும்புவது டிசம்பர் 21, 22இலேயே நடந்துவிடுகிறது. 72 வருஷத்துக்கு ஒரு பாகை வீதம் நகர்ந்து 24 நாள் வித்தியாசம் ஆகிவிட்டது. உங்கள் கம்பு சொல்வதற்கும் பஞ்சாங்கம் சொல்வதற்கும் சண்டை வந்தால் இரண்டையும் குறித்து வையுங்கள்.

சக்கரத்தை இப்படி வைத்துக்கொள்ளலாம். மார்ச் சமநாளை ஒட்டிப் பங்குனி உத்திரம், சாஸ்தா கோயில். விசு. ஜூனில் தென்மேற்குச் சாரல், கார் சாகுபடி. முன்னோரை நினைக்க அக்டோபர் 31 வேண்டாம், ஆடி அமாவாசை இருக்கிறது; காரையாறு சொரிமுத்து அய்யனாருக்கு அன்று போகிற கூட்டத்தைப் பார்த்தாலே போதும். ஐப்பசியில் அடைமழையும் பிசான நெல் நடவும். கார்த்திகை தீபம். மார்கழி. எட்டு வராவிட்டால் ஏழோடு விடுங்கள்.

விக்கா வழிபாட்டில் திசைகளைக் கூப்பிடுவதற்கு ஆங்கிலச் செய்யுளை மனப்பாடம் செய்கிறார்கள். தமிழில் காற்றுக்குத் திசைவாரியாகவே பெயர் இருக்கிறது: கிழக்கே கொண்டல், தெற்கே தென்றல், மேற்கே கோடை, வடக்கே வாடை. ஆடி மாசம் செங்கோட்டைக் கணவாய் வழியாக வந்து துணியெல்லாம் பறக்கடிக்கிற மேகாத்தை, அதாவது மேல்காற்றை, வட்டத்தில் எங்கே வைப்பது என்று யாரையும் கேட்க வேண்டியதில்லை. தண்ணீரும் மேற்கேதான், பொதிகையிலிருந்து ஆறு வருகிறது.

புகைக்குச் சாம்பிராணி. கப் சாம்பிராணி வேண்டாம், கட்டியாக வாங்குங்கள். தூபக்காலில் சிரட்டைக்கரியைப் பற்றவைத்து, சுடர் அடங்கி மேலே சாம்பல் பூக்கும் வரை காத்திருக்கணும். சுடர் இருக்கும்போதே போட்டால் சாம்பிராணி எரியும், கறுப்புப் புகை வரும், மூக்கு எரியும். சாம்பல் பூத்த பின் மொச்சைக்கொட்டை அளவு போதும். கொசுவுக்குக் காய்ந்த நொச்சி இலை இரண்டு. ஜன்னல் திறந்திருக்கணும், மூடிய அறையில் கரி நெருப்பு உயிருக்கே ஆபத்து, இதில் விளையாட்டு வேண்டாம்.

‘அன்றாடத்தில் மாயம்’ என்று கேட்டிருக்கிறீர்களே, அதற்கு மாக்கோலத்துக்கு மிஞ்சி ஒன்றும் இல்லை. பச்சரிசி 100 கிராம், ஒரு மணி நேரம் ஊறப்போட்டு மைய அரைத்து, மோர் பதத்துக்குக் கரையுங்கள். பாக்கு அளவு வெள்ளைத் துணியை அதில் நனைத்து மூன்று விரலால் பிடித்து அமுக்கினால் மோதிரவிரல் வழியாக மாவு இறங்கும். அந்த விரல்தான் பேனா. 1, 3, 5, 3, 1 புள்ளி வைத்தால் கையெடுக்காமல் ஒரே கோட்டில் முடிக்கிற சிக்குக் கோலம் வரும். போடும்போது ஈரத்தரையில் கோடு சரியாகவே தெரியாது, கண்ணாடித் தண்ணீர் மாதிரி இருக்கும். போட்டது வீணோ என்று தோன்றும். பத்து நிமிஷத்தில் ஓரத்திலிருந்து காய ஆரம்பித்து, ஒவ்வொரு கண்ணியாக வெளுத்து மேலே எழும்பி வரும். எழுந்துபோய்விடாமல் உட்கார்ந்து பார்க்கணும். மாவு கெட்டியானால் காய்ந்ததும் செதில் செதிலாக உரியும், நீர்த்தால் சாம்பல் நிறத்தோடு நின்றுவிடும். சிவப்புச் சிமெண்டுத் தரையில் அழகு. வழவழப்பு டைல்ஸில் நிற்காது, மணைப்பலகையில் போடுங்கள்.

அடுப்படி மந்திரம் வேண்டுமென்றால் திருக்கார்த்திகைக்கு ஓலைக் கொழுக்கட்டை. வறுத்த பச்சரிசி மாவு 2 டம்ளர், கருப்பட்டி ஒன்றேகால் டம்ளர், தேங்காய்த் துருவல் 1 டம்ளர், வறுத்து அரைவேக்காடாக வேகவைத்த சிறுபயறு கால் டம்ளர், சுக்கு, ஏலம். கருப்பட்டியைக் கொஞ்சத் தண்ணீரில் கரைத்து வடிகட்டாமல் போட்டால் மண் கடிபடும். பாகைச் சூட்டோடு ஊற்றிப் பிசையுங்கள். பிடித்தால் நிற்கணும், கையில் ஒட்டக்கூடாது. தளர்ந்தால் ஓலையிடுக்கில் வழிந்துவிடும். பனங்குருத்தோலைதான் வேண்டும், முற்றின ஓலை மடக்கும்போதே கீறும். சாண் நீளம் நறுக்கி, மாவை உள்ளே அடைத்து, ஓலை நாரால் கட்டி, 20, 25 நிமிஷம் ஆவியில். ஓலை பச்சை மாறி, அந்தக் கருப்பட்டி வாசத்தோடு பனை வாசமும் தெருவுக்கு வந்தால் வெந்துவிட்டது. அன்று ராத்திரி கோயில் வாசலில் சொக்கப்பனை கொளுத்துவார்கள். விக்காவின் மே மாசப் பண்டிகையான பெல்டேன் தீயை வீடியோவில் பார்க்கிற நேரத்துக்கு அங்கே போய் நில்லுங்கள்.

ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லணும். சுடலைமாடனை விக்காவின் ‘கொம்புள்ள கடவுள்’ என்றும், இசக்கியைக் ‘கறுப்பு தேவி’ என்றும் ஆங்கிலத்தில் மொழிபெயர்த்து உங்கள் வட்டத்துக்குள் அழைக்காதீர்கள். பயமுறுத்தவில்லை, மரியாதைக்காகச் சொல்கிறேன். அந்தச் சாமிகளுக்கு இடம் உண்டு, குடும்பம் உண்டு, கொடை உண்டு, வில்லுப்பாட்டில் சொல்லப்படுகிற கதை உண்டு. இடம் மாற்றி வைப்பதென்றால் மூலக் கோயிலிலிருந்து பிடிமண் எடுத்து வருவார்கள். குலசாமி எது என்று அம்மாவிடம் கேளுங்கள். பேச்சு அங்கே ஆரம்பித்தால் ‘இது என்ன கூத்து’ என்பதும் குறையும்.

இதற்கும் கேள்விக்கும் சம்பந்தம் இல்லை, ஆனாலும் விடமுடியவில்லை: பரிகாரம் என்ற பெயரில் பாபநாசத்தில் கட்டின வேட்டி சேலையை அப்படியே ஆற்றில் அவிழ்த்துவிடுகிறார்களே, அவர்களிடம் யார் சொன்னது அது புண்ணியம் என்று? துணி கல்லிடுக்கில் சிக்கி, மண்ணைப் பிடித்து, மீன் வலையைக் கிழித்து, கீழே குடிநீர் எடுக்கிற இடம் வரை போகிறது. இயற்கை வழிபாடு என்று நீங்களும் ஆற்றுக்குப் போனால் பூவைக்கூட நாலே நாலு இதழாக விடுங்கள். கண்ணாடிக் குப்பி, ரிப்பன், மெழுகு எதுவும் ஆற்றில் வேண்டாம்.

கம்பை இப்போதே நட்டு வாரம் ஒரு தடவை குறித்து வந்தால், ஏப்ரல் 12க்குள் கை பழகிவிடும். அன்று 12.20க்கு முன்னும் பின்னும் ஐந்து நிமிஷம் மேலே இருக்கணும், செருப்பில்லாமல் நிற்க முடியாது, தொப்பியும் வேண்டும். மொட்டை மாடிச் சாவி வீட்டுக்காரரிடம் இருந்தால் முந்தின நாளே வாங்கி வைத்துவிடுங்கள்.